அறுந்த டைமிங் பெல்ட்டைக் குப்பையில் போடாதீர்கள்

பஞ்சுத் திரியை (ஸ்லைவர்) இழுத்துச் சீராக்கும் டிரா பிரேம் மெஷினில், பல் வைத்த டைமிங் பெல்ட் அறுந்தால் பல நூற்பு மில்களில் நடப்பது இதுதான்: அறுந்ததை உருவிக் குப்பையில் போடுவார்கள், ஸ்டோரிலிருந்து புதுசு வரும், அரை மணியில் மெஷின் ஓடும். அதே இடத்தில் இரண்டே மாதத்தில் மறுபடி அறுந்தால் "சரக்கு மட்டம்" என்று பேச்சு முடிந்துவிடும். அதற்குள் சாட்சி குப்பை வண்டியில் போயிருக்கும்.

அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோட்டில் அறுந்திருந்தால், அந்தச் சேதம் பெரும்பாலும் ஓட்டத்தில் வந்ததல்ல, மாட்டும்போதோ அதற்கு முன்போ வந்தது. ரப்பர் பெல்ட்டில் இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் கண்ணாடி நார். இழுத்தால் லேசில் நீளாது. கூர்மையாக மடித்தால் நொறுங்கிவிடும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. ஸ்டோரில் ஆணியில் தொங்கவிட்டது, கயிற்றால் இறுக்கிக் கட்டியது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் புல்லியில் ஏற்றியது எல்லாம் இங்கே வந்து சேரும். மோட்டார் பெட் போல்ட்டைத் தளர்த்தி, மோட்டாரை உள்ளே தள்ளினால் பெல்ட் கையோடு மாட்டும். அந்த ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடிப்பதால்தான் பாதித் தொல்லை.

முனை கந்தலாக, நார் பிய்ந்து கிடந்தால் திடீர்ச் சுமை. ரோலரில் ஸ்லைவர் சுற்றிக்கொண்டு (லேப்பிங்) இறுகியதா, பேரிங் பிடித்துவிட்டதா என்று பாருங்கள். பெல்ட் முழுசாக இருந்து பல் மட்டும் போயிருந்தால் முதல் சந்தேகம் தொய்வு. தொய்ந்த பெல்ட்டின் பல், குழியில் முழுதாக உட்காராமல் ஏறி ஏறித் தாண்டும். பல்லின் அடிப்பக்கம் கொக்கிபோல் தேய்ந்து, பிறகு கழன்று வரும். சின்னப் புல்லியில் ஒரே நேரத்தில் 6 பல்லாவது கடித்திருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் பாரம் கூடும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள துணி பளபளத்துத் தேய்ந்திருந்தால் இறுக்கம் அதிகம். ஒரு பக்க ஓரம் மட்டும் நூல் நூலாக வந்தால் புல்லிகள் நேராக இல்லை. டைமிங் பெல்ட் பொறுக்கும் கோணல் கால் டிகிரிதான், அதாவது மீட்டருக்கு 4 மி.மீ. சொச்சம். பல் இல்லாத வி-பெல்ட் பழக்கத்தில் கண்ணளவில் வைத்தால் நேர் தப்பிவிடும். நேர்ச்சட்டம் வைத்தே பார்க்க வேண்டும்.

பஞ்சு மில்லுக்கென்றே இன்னொரு வியாதி உண்டு. பறக்கும் பஞ்சு புல்லிக் குழியில் விழ, பெல்ட் அதை மிதித்து மிதித்து அட்டைபோல் கெட்டியாக்கிவிடும். எண்ணெய் பட்டால் இன்னும் மோசம். அந்த இடத்தில் பெல்ட் சற்று உயர்ந்து ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் இழுவை ஏறி இறங்கும். பெல்ட் அறுவதற்கு முன்பே இது ஸ்லைவரில் தெரிந்துவிடும்: ஸ்லைவரின் தடிமன் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் வரைபடத்தில் ஒரே அலைநீளத்தில் சிம்னிபோல் ஒரு முகடு எழும்பும். அந்த அலைநீளம், புல்லி ஒரு சுற்றுச் சுற்றும்போது வெளிவரும் ஸ்லைவர் நீளத்தோடு பொருந்தினால் குழியில் அடைப்பு, அல்லது புல்லி மையம் விலகிச் சுற்றுகிறது. பெல்ட்டின் ஒரு முழுச் சுற்றோடு பொருந்தினால் பெல்ட்டிலேயே ஒரு பல் கெட்டிருக்கிறது. ஏர் அடித்தால் மேல் பஞ்சுதான் போகும். மிதிபட்டதை மெயின் சுவிட்சை ஆஃப் செய்து பூட்டிவிட்டு, மரக்குச்சியால் குழிகுழியாகத் தோண்டி எடுக்க வேண்டும்.

இறுக்கத்தைக் கட்டை விரலால் அமுக்கிச் சொல்பவர்கள் உண்டு. 30 மி.மீ. அகலப் பெல்ட்டில் அந்த விரலுக்கு எந்த மதிப்பும் இல்லை. இரண்டு புல்லிக்கு நடுவே பெல்ட் தொடாமல் இருக்கும் நீளத்தை அளந்து 64-ஆல் வகுங்கள். 640 மி.மீ. என்றால் 10 மி.மீ. நடுவில் அவ்வளவு தாழ எவ்வளவு விசை வேண்டும் என்பதைப் பெல்ட் தயாரிப்பாளர் அட்டவணையில் பார்த்து, ஸ்பிரிங் தராசால் சரிபாருங்கள். ஒலி மீட்டர் இருந்தால் பெல்ட்டைத் தட்டி அதிர்வெண் எடுக்கலாம். ஆனால் இறுக்கம் அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது: 50 ஹெர்ட்ஸ் 45-க்கு இறங்கினால் இறுக்கம் 10 அல்ல, 19 சதவீதம் போயிருக்கிறது.

வாங்கும்போது பழைய பெல்ட் முதுகிலுள்ள எழுத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். 1200-8எம்-30 என்றால் நீளம் 1200 மி.மீ., பல் இடைவெளி 8 மி.மீ., அகலம் 30, பல் 150. அதே 8 மி.மீ. இடைவெளியில் வேறு பல் வடிவமும் கிடைக்கும். கையில் வைத்துப் பார்த்தால் பொருந்துவதுபோலவே இருக்கும், ஓடினால் சில வாரத்தில் பல் தேயும். மாட்டிய பிறகு கையால் நாலைந்து சுற்றுச் சுற்றி, இறுக்கத்தை மறுபடி அளந்துவிட்டே கவரை மூடுங்கள். ஊளைச் சத்தம் வருகிறதென்று பெல்ட்டில் மெழுகோ ஸ்பிரேயோ அடிக்க வேண்டாம். புதுப் பெல்ட்டைக் கம்பெனி அட்டைப் பெட்டியிலேயே, மேலே எதுவும் அடுக்காமல் ஸ்டோரில் வையுங்கள். அறுந்த பெல்ட்டில் தேதியும் மெஷின் எண்ணும் எழுதிய சீட்டைக் கட்டி, பக்கத்து அலமாரியில் வையுங்கள். அடுத்தது அறும்போது இரண்டு முனைகளையும் சேர்த்துவைத்துப் பார்க்கலாம்.