சுரண்டிய இடத்தில் யார் பெயர் இருந்தது?

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில், லாரன்ஷியன் நூலகத்தில், ஒரு லத்தீன் பைபிள் இருக்கிறது. பெயர் கோடெக்ஸ் அமியாட்டினஸ். 1,030 தோல் தாள்கள், 34 கிலோவுக்கு மேல் எடை, தங்கமும் வண்ணமும் இட்ட ஓவியங்கள். தொடக்கத்தில் ஒரு சிறிய காணிக்கைப் பாட்டு. 'லொம்பார்டியரின் (இத்தாலியில் குடியேறிய ஒரு ஜெர்மானிய இனத்தாரின்) கடைக்கோடி எல்லையிலிருந்து மடாதிபதி பேதுரு' இந்த நூலைச் சால்வதோர் மடத்துக்குத் தருவதாக அது சொல்கிறது. சால்வதோர் மடம் இருந்தது இத்தாலியின் அமியாட்டா மலையில்.

லத்தீன் யாப்பு தெரிந்தவர் அந்தப் பாட்டை வாய்விட்டுப் படித்தால் சில இடங்களில் தளை தட்டும். அந்த இடங்களிலேயே தோல் சுரண்டப்பட்டு, வேறொரு கையெழுத்தில் சொற்கள் ஏறியிருக்கின்றன. பழைய சொற்களுக்குப் பதிலாக வந்தவை யாப்புக்குள் அடங்கவில்லை. அப்படியானால் முதலில் அங்கே இருந்தவை எவை?

இடைக்கால ஓவியச் சுவடிகளின் உரிமை வரலாற்றைத் தேடுவோர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் கேள்வி இது. இந்தச் சுவடிகளில் பெரும்பாலானவற்றுக்கு விற்பனைப் பத்திரம் எதுவும் மிஞ்சவில்லை. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதைச் சுவடியின் உடம்பிலிருந்தே படித்தாக வேண்டும். அதில் அழித்த இடத்தைப் போல உதவுவது வேறெதுவும் இல்லை என்பது என் எண்ணம். வேலை மெனக்கெட்டு ஒருவர் ஒன்றைச் சுரண்டியிருக்கிறார் என்றால், அது யாருக்கோ முக்கியமாக இருந்திருக்கிறது.

சுரண்டினாலும் எழுத்து முழுதாகப் போகாததற்குக் காரணம் மையிலேயே இருக்கிறது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மாசிக்காய் தெரியுமல்லவா? ஓக் மரத்தில் ஒரு வகைக் குளவி முட்டையிட்ட இடத்தில் திரளும் கட்டி அது. ஐரோப்பிய எழுத்தர்களும் இதே போன்ற ஓக் கட்டிகளை ஊறவைத்து, அன்னபேதி எனும் இரும்பு உப்பையும் பிசினையும் சேர்த்து மை காய்ச்சினார்கள். எழுதும்போது வெளிறித் தெரியும் இந்த மை, காற்று பட்டதும் கறுக்கும். கறுக்கும்போதே தோலின் நார்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கத்தியால் மேல்படலத்தைச் சுரண்டினாலும் உள்ளே கொஞ்சம் தங்கிவிடும்.

அந்த மிச்சத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. புற ஊதா விளக்கை அடித்தால் தோல் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும்; மை தங்கிய இடம் ஒளியை விழுங்கிக் கருமையாக நிற்கும். அழிந்த பெயர் எழும்பி வரும். 19ஆம் நூற்றாண்டில் இந்த வசதி கிடையாது. ஓக் கட்டிச் சாற்றை அழிந்த எழுத்தின் மேல் தடவிப் பார்ப்பார்கள். எழுத்து ஒரு கணம் துலங்கும், அப்புறம் தாளே கறுத்துப்போகும். அப்படிப் பாழான பக்கங்கள் ஐரோப்பிய நூலகங்களில் இன்றும் இருக்கின்றன. ஆர்வத்தில் செய்த காரியம்தான், ஆனாலும் மனசு ஆறவில்லை.

அமியாட்டினஸின் புதிரை அவிழ்த்தது விளக்கும் அல்ல, சாறும் அல்ல. 1880களில் டி ரோஸி என்ற இத்தாலிய அறிஞர் யாப்பையும், சுரண்டலுக்குத் தப்பிய தடயங்களையும் வைத்து யோசித்தார். பேதுருவின் இடத்தில் சியோல்ஃபிரித் என்ற ஆங்கில மடாதிபதியின் பெயர் இருந்திருக்க வேண்டும் என்றார். அடுத்த சொல் 'பிரித்தானியரின்' என்பது அவர் ஊகம். பிறகு ஹோர்ட் என்ற ஆங்கில அறிஞர், சியோல்ஃபிரித்தின் வாழ்க்கையைச் சொல்லும் பெயர் தெரியாத ஒருவரின் பழைய நூலில் இதே பாட்டு அப்படியே இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அதில் இருந்தது 'ஆங்கிலரின்'. டி ரோஸி ஒரு சொல்லில் தவறினார், ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

அதுவரை 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதியது என்று நம்பப்பட்ட சுவடி, ஒரே அடியில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கு இடம் மாறியது. வியர்மவுத்-ஜாரோ மடத்தில் சியோல்ஃபிரித் மூன்று பெரிய பைபிள்களை எழுதச் செய்தார். 716ஆம் ஆண்டு, வயதான காலத்தில், அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ரோமில் இருக்கும் புனித பேதுரு ஆலயத்துக்குக் காணிக்கையாக்கப் புறப்பட்டார். பிரான்ஸில் உள்ள லாங்ர் என்ற ஊரோடு அவர் பயணம் முடிந்துபோனது, அங்கேயே இறந்தார். நூல் மட்டும் இத்தாலி சேர்ந்தது. பின்னால் வந்த லொம்பார்டிய மடாதிபதி பேதுரு தன் பெயரை எழுத சியோல்ஃபிரித்தின் பெயரைச் சுரண்டினார். 2018இல் லண்டன் கண்காட்சிக்காக அந்த நூல் 1,302 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்து மண்ணைத் தொட்டது.

கூடப் பிறந்த இன்னொரு பைபிளின் கதியும் சொல்ல வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் ஒரு ஆங்கில நிலக்கிழார் குடும்பம் அதைப் பிரித்து, சொத்துக் கணக்குகளுக்கு உறை போட்டது. உறையாக இருந்ததால்தான் சில தாள்களாவது பிழைத்தன.

பெயரைவிடக் குடும்பச் சின்னம் அதிகம் தெரியும் இடம் ஓவியச் சுவடிகளின் ஓரம். வாங்கிய செல்வர் தன் கேடயச் சின்னத்தை வரையச் செய்வார்; அடுத்து வாங்குபவர் அதன் மேலேயே தன்னுடையதைத் தீட்டுவார். இங்கே எக்ஸ்-கதிர்க் கருவி கைகொடுக்கும். கண்ணுக்கு நீலமாகத் தெரியும் கேடயத்தில் கருவி பாதரசத்தைக் காட்டினால், அடியில் பாதரசம் கலந்த சாதிலிங்கச் சிவப்பு ஒளிந்திருக்கிறது என்று பொருள். ஏமாற்றும் சின்னங்களும் உண்டு. வெள்ளிப் பூச்சு காலப்போக்கில் கொலுசு கறுப்பது போலக் கறுத்துவிடுவதால், வெள்ளைக் கேடயத்தைக் கறுப்பு என்று படித்து வேறு குடும்பத்தின் கணக்கில் எழுதிவிடலாம்.

சுவடியில் இருக்கும் புனிதர்களின் திருநாள் பட்டியலும் சாட்சி சொல்லும். 1538இல் எட்டாம் ஹென்றி மன்னர், தாமஸ் பெக்கெட் என்ற புனிதரின் பெயரை எல்லா நூல்களிலிருந்தும் அழிக்க ஆணையிட்டார். அவருடைய திருநாளான டிசம்பர் 29க்கு எதிரே சுரண்டல் இருந்தால், அப்போது அந்தச் சுவடி இங்கிலாந்தில் இருந்திருக்கக்கூடும்.

இதையெல்லாம்விட எனக்கு வியப்பூட்டுவது இடைக்கால நூலகர்கள் கண்டுபிடித்த ஒரு எளிய உபாயம். பைபிளின் துதிப் பாடல்கள் அடங்கிய சங்கீத நூலுக்கு ஐந்து பிரதிகள் இருந்தால் எது எது என்று எப்படிப் பதிவு செய்வது? எல்லாமே ஒரே சொல்லில்தான் தொடங்கும். அவர்கள் இரண்டாவது தாளின் முதல் சொற்களைக் குறித்துவைத்தார்கள். கையால் எழுதும்போது எழுத்தின் அளவும் பக்கத்தின் அளவும் மாறும்; அதனால் இரண்டு பிரதிகளில் இரண்டாம் தாள் ஒரே சொல்லில் தொடங்குவது அரிது. பாரிஸின் சோர்போன் கல்லூரி 1338இல் போட்ட பட்டியலில் இந்தக் குறிப்பு இருக்கிறது. ஓவியச் சுவடிகளைச் சேர்த்த பிரெஞ்சு இளவரசர், பெரி கோமகன் ஜானின் பட்டியல்களிலும் இருக்கிறது. அந்தச் சொற்களை வைத்து இன்று எங்கோ ஒரு நூலகத்தில் கிடக்கும் சுவடியைப் பொருத்திப் பார்த்து, 'இது கோமகனுடையதேதான்' என்று சொல்ல முடிகிறது.

ஆனால் இதற்கு நூல் நூலாக இருக்க வேண்டும். பிரான்ஸின் போவே பேராலயத்துக்கு ராபர்ட் தெ ஹாங்கெஸ்ட் என்ற குரு கொடுத்த பூசைப் புத்தகத்தை, அமெரிக்கப் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட்டின் சேகரிப்பு விற்பனைக்கு வந்தபோது, 1942இல் வணிகர்கள் வாங்கினார்கள். முழு நூலைவிடத் தனித்தனித் தாள்களுக்கு மொத்தத்தில் அதிக விலை கிடைக்கும். பிரித்துவிட்டார்கள். தந்தவர் பெயர் எழுதிய தாள் ஒரு பக்கம், ஓவியங்கள் ஒரு பக்கம். அவர் கொடுத்த செய்தி நமக்குத் தெரிவதே, பிரிப்பதற்கு முன்பு வெளிவந்த ஏல விவரப் பட்டியலால்தான். லிசா ஃபாகின் டேவிஸ் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாகத் தாள்களைத் தேடிப் படங்களைக் கணினியில் வரிசைப்படுத்துகிறார். நூற்றுக்கு மேற்பட்ட தாள்கள் இதுவரை அகப்பட்டிருக்கின்றன. மற்றவற்றில் சில, எவர் வீட்டுச் சுவரிலோ கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருக்கலாம்.