ஓடிபி: எர்லாங் உலகில் ஒரு சொல்லும் அதன் சுற்றமும்

‘ஓடிபி’ என்றதும் பெரும்பாலோர் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையே நினைப்பர். எர்லாங் மொழியில் நிரல் எழுதுவோரிடையே இதே மூன்றெழுத்து முற்றிலும் வேறொன்றைக் குறிக்கும். அம்மொழியின் இயக்கச் சூழல், நிரல்மாற்றி (கம்பைலர்), நிரலகங்கள் (லைப்ரரிகள்), சோதனைக் கருவிகள், இவற்றைக் கொண்டு மென்பொருளை எவ்வாறு கட்டுவது என்னும் நெறிகள் ஆகிய அனைத்தும் அடங்கிய தொகுப்பின் பெயர் அது.

விரித்தால் ‘ஓப்பன் டெலிகாம் பிளாட்ஃபார்ம்’. எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1986இல் ஜோ ஆம்ஸ்ட்ராங் தொடங்கி, ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோருடன் வளர்த்த எர்லாங், தொலைபேசி இணைப்பகங்களுக்கான மென்பொருளை மனத்தில் வைத்து உருவான மொழி. பெருந்திட்டங்களில் அது பயன்படத் தொடங்கியபோது மொழி மட்டும் போதாது என்பது தெளிவாகி, 1996இல் இத்தொகுப்பு இப்பெயரோடு வெளிவந்தது. பெயரின் முதற்சொல் இன்றைய வாசகரை ஏமாற்றக்கூடும். மூலநிரல் பொதுவில் திறந்துவிடப்பட்டது 1998 டிசம்பரில்தான் என்பதால், 1996இல் சூட்டிய ‘ஓப்பன்’ என்பதற்குத் ‘திறந்த மூலம்’ என்று பொருள் கொள்ள இடமில்லை. இரண்டாம் சொல்லும் தேய்ந்துவிட்டது. மெகாகோ, டயமீட்டர் போன்ற தொலைத்தொடர்பு நெறிமுறை நிரலகங்கள் ஒரு மூலையில் இருந்தாலும், எந்த எர்லாங் அமைப்புக்கும் இன்றியமையாதவை கெர்னல், எஸ்டிடிலிப் என்னும் இரண்டு மட்டுமே. அவ்விரண்டிலும் தொலைபேசிக்கே உரியது என எதுவும் இல்லை.

ஆகவே, ‘திறந்த தொலைத்தொடர்புத் தளம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது எழுத்துக்கு உண்மையாகவும் பொருளுக்குப் பொய்யாகவும் முடியும். ‘தளம்’ ஒன்றே அதில் நன்றாகப் பொருந்துகிறது. பிளாட்ஃபார்ம் என்பதன் வேர்ப்பொருள் தட்டையான வடிவம், தமிழ்த் தளமும் சமமான பரப்பே. ‘எர்லாங் அடித்தளத் தொகுப்பு’ என்று முதலில் ஒருமுறை எழுதி, பின்னர் ஓடிபி என்றே வழங்குவது முறையாக இருக்கும் என்பது என் கருத்து.

தொகுப்பின் உள்ளே போனால் முதலில் எதிர்ப்படும் கலைச்சொல் ‘பிஹேவியர்’. இதை ‘நடத்தை’ என்று பெயர்ப்போர் உண்டு. ஆனால் தமிழில் நடத்தை என்றால் ஒருவரின் ஒழுக்கம் பற்றிய பேச்சாகிவிடுகிறது. எர்லாங்கில் அது குறிப்பது வேலைப் பிரிவினை ஒன்றை. பல நிரல்களில் திரும்பத் திரும்ப வரும் பொதுப்பகுதி நிரலகத்திலேயே இருக்கும். அந்தந்த நிரலுக்கு உரிய சிறப்புப்பகுதியை மட்டும் நாம் எழுத வேண்டும். ‘ஜென்_சர்வர்’ என்னும் பிஹேவியரை எடுத்துக்கொண்டால், செய்தியை வாங்குவது, பதில் அனுப்புவது, நிலையைச் சுற்றுதோறும் கடத்துவது ஆகியவற்றை அது தானே பார்த்துக்கொள்கிறது. இன்ன கேள்வி வந்தால் இன்ன பதில் என்பது மட்டும் நம் பொறுப்பு. பதிலுக்குக் காத்திருக்கும் கேள்வி ‘கால்’ எனப்படும், அதற்கு வேறு கெடு சொல்லாவிட்டால் 5 விநாடி. பதில் வேண்டாமல் அனுப்பிவிட்டு நகர்வது ‘காஸ்ட்’. இப்படி ஒரே பாங்கில் பல வினைகளை வார்க்க உதவுவதால் ‘செயற்பாங்கு’ என்பது பொருத்தமாகும். எர்லாங்கின் இயக்கச் சூழலில் ஓடும் எலிக்சர் மொழியினரும் இதே செயற்பாங்குகளையே பயன்படுத்துவதால், இச்சொல் இரு மொழியினருக்கும் பயன்படும்.

செயற்பாங்குகளுள் தலையாயது ‘சூப்பர்வைசர்’. இலத்தீனில் மேல் என்பதும் பார் என்பதும் சேர்ந்து பிறந்த இச்சொல்லுக்கு ‘மேற்பார்வையாளர்’ அச்சு மாறாத பெயர்ப்பு. ஆனாலும் எனக்கு ‘கண்காணி’ என்ற பழஞ்சொல்லே பிடித்திருக்கிறது. அது பேச்சில் ‘கங்காணி’ ஆகி, இலங்கை, மலாயாத் தோட்டங்களின் வழியே ஆங்கிலத்திலும் ஏறியது. தோட்டத்துக் கங்காணியின் பெயருக்குக் கசப்பான நினைவுகள் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. எனினும் தன் ஆட்களைத் தானே திரட்டி வேலைக்கு வைத்தவர் என்ற ஓர் ஒற்றுமை இங்கே கருதத்தக்கது. எர்லாங்கின் கண்காணியும் தன்கீழ் உள்ள இழைகளை, அதாவது தனித்தனியே ஓடும் ‘பிராசஸ்’களை, தானே தொடங்கிவைக்கிறது. அவை செய்யும் வேலையை அது எட்டிப் பார்ப்பதில்லை; ஓர் இழை முறிந்த செய்தி வந்ததும், வகுத்த உத்திப்படி அதை மட்டுமோ, எல்லாவற்றையுமோ, அதன் பின்னர் தொடங்கியவற்றோடு சேர்த்தோ மீண்டும் தொடங்குகிறது. மீள்தொடக்கங்களுக்கு எல்லையும் உண்டு: வேறு எண் தராதவரை 5 விநாடிக்குள் ஒன்றுக்கு மேற்பட்டால், கண்காணி தன்கீழ் உள்ளவற்றை நிறுத்தித் தானும் முடிந்து, பிரச்சினையைத் தனக்கு மேலுள்ள கண்காணியிடம் விட்டுவிடும்.

‘அப்ளிகேஷன்’ என்பதைச் ‘செயலி’ என்று எழுதுவது இங்கே பொருந்தாது. எர்லாங்கில் அது பயனர் திறந்து பார்க்கும் ஒன்றன்று, ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிறுத்தக்கூடிய ஓர் உறுப்பு. சிலவற்றில் ஓடும் இழைகளே இரா, பிற நிரல்கள் அழைக்கும் பயன்சார்புகள் (ஃபங்ஷன்கள்) மட்டுமே இருக்கும். ‘நிரற்கூறு’ இரண்டு வகைக்கும் இடந்தரும்.

ஓடிபிக்குள் உள்ளதையும் வெளியே உள்ளதையும் பிரித்தறிவதும் தேவை. நிரலைக் கட்டி, சார்ந்த நிரலகங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் ‘ரீபார்3’ தனியே நிறுவ வேண்டிய கருவி. அது நிரலகங்களைப் பெறும் ‘ஹெக்ஸ்’ களஞ்சியமும் ஓடிபிக்கு வெளியே உள்ளதே. ‘டயலைசர்’ தொகுப்போடு வருவது. மருத்துவக் கருவியை நினைவூட்டும் இப்பெயர், எர்லாங் நிரல்களுக்கான முரண்பாடு பகுப்பான் என்னும் ஆங்கிலத் தொடரின் எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்தது. ‘முரண்காணி’ எனலாம்: அது காட்டும் வகைமுரண் (தரவு வகைகள் பொருந்தாமை) உண்மையான முரணாகவே இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள், ஆயினும் அது வாய்திறவாமல் இருப்பது நிரலில் பிழையில்லை என்பதற்குச் சான்றாகாது.