கறுப்பு முனைத் தோட்டாவை மேசைமேல் வைக்கும் முன்

எஃகுத் தகட்டில் ரைஃபிள் குண்டு பட்டால் கோயில் மணியைத் தட்டியதுபோல் 'ணங்' என்று ஒலிக்கும். டெக்சாஸில் ஒரு சுடுதளத்தில் பாதுகாப்பு அதிகாரியாகப் பதினொரு ஆண்டுகளாக நான் கேட்டுப் பழகிய ஒலி அது. போன சனிக்கிழமை இருநூறு கெஜ வரிசையில் 'டக்' என்று மட்டும் கேட்டது. எல்லோரையும் நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டு நடந்து போய்ப் பார்த்தேன். தகட்டில் பென்சில் நுழையும் அளவுக்குச் சுத்தமான துளை.

சுட்ட இளைஞரின் மேசையில் காக்கித் துணிப்பட்டை ஒன்று கிடந்தது. அதன் பைகளில் கிளிப்புக்கு எட்டாகச் செருகிய .30-06 என்ற ரக ரைஃபிள் தோட்டாக்கள். ஒவ்வொன்றின் முனையிலும் கறுப்புச் சாயம். தாத்தாவின் பரணில் இருந்ததாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்க ராணுவச் சரக்கு அது. செப்பு உறைக்குள் இறுகப் பதப்படுத்திய எஃகுத் தண்டு, அதாவது கவசம் துளைக்கும் தோட்டா. இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் அவர் நான்காமவர். அன்று யாருக்கும் காயமில்லை. மார்ச் மாதம் அப்படி இல்லை: கிழிந்த உறையின் துணுக்கு ஒன்று திரும்பி வந்து பக்கத்து மேசைக்காரரின் கன்னத்தில், கண்ணாடிக்கு ஒரு விரல் கீழே தைத்தது.

நால்வரும் சொன்னது ஒன்றேதான்: "கவசம் துளைக்கும் தோட்டாவைத்தான் சட்டம் தடை செய்திருக்கிறதே! இது அதுவாக இருந்தால் என் கைக்கு எப்படி வந்திருக்கும்?" நம் தமிழ் நண்பர்களும் இதையே சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு முறை பொறுமையாகச் சொல்கிறேன்.

1986-இல் வந்த அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் கைத்துப்பாக்கியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. போலீஸ்காரர் சட்டைக்குள் அணியும் மெல்லிய கவச உடையைக் கைத்துப்பாக்கிக் குண்டு துளைத்துவிடக் கூடாது என்பதே கவலை. ஆகவே, கைத்துப்பாக்கியில் பயன்படுத்தக் கூடிய குண்டா, அதன் தண்டு எஃகு, டங்ஸ்டன், பித்தளை போன்ற கடின உலோகமா என்றுதான் அது முதலில் கேட்கிறது. ரைஃபிளில் மட்டும் போகும் குண்டு எவ்வளவு தடித்த தகட்டைத் துளைத்தாலும் அந்த விளக்கத்துக்குள் வராது. தடையும் முக்கியமாகத் தயாரிப்பவர், இறக்குமதியாளர் மீதுதான்; வீட்டில் வைத்திருப்பவர் மீது அன்று. சில மாநிலங்கள் தனியாகக் கட்டுப்படுத்துகின்றன, உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். போதாததற்கு விலக்குகளும் உண்டு. கறுப்பு முனை .30-06-க்கு விளையாட்டுப் பயன்பாட்டின் பெயரில் விலக்கு. ஏஆர்-15 ரைஃபிளில் போகும் எம்855 என்ற பச்சை முனைத் தோட்டாவுக்கும் அப்படியே. 2015-இல் அந்தப் பச்சை முனையின் விலக்கை நீக்க, துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் கூட்டரசு அமைப்பான ஏடிஎஃப் முயன்று, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்ததும் ஒரே மாதத்தில் ஒதுக்கி வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ரஷ்ய 7என்6 தோட்டாவின் இறக்குமதி நின்றது. காரணம், அதைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கி ஒன்று வந்துவிட்டது, குண்டு மாறவில்லை.

அரை அங்குல விட்டமுள்ள பெரிய .50 தோட்டா இன்னும் மோசம். 1999-இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் விசாரித்தபோது, ராணுவம் கழித்துவிட்ட கவசம் துளைக்கும் .50 தோட்டாக்கள் சந்தையில் தாராளமாகக் கிடைத்தன. கவச காரைத் துளைக்க வேண்டும் என்று தொலைபேசியில் சொன்ன மாறுவேட அதிகாரிக்கே விற்க வியாபாரிகள் தயாராக இருந்தார்கள். பிறகு ராணுவ இருப்பிலிருந்து அவை தனியாருக்குப் போவதை நாடாளுமன்றம் தடுத்தது. அதற்கு முன் வெளியே போனவை பரண்களிலும் கண்காட்சி மேசைகளிலும் இன்னும் இருக்கின்றன. ஆகவே கடையில் கிடைத்தது, வீட்டில் இருந்தது என்பதெல்லாம் எனக்குச் சான்றாகாது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. "என்னுடையது சாதாரணக் குண்டுதான், போலீஸ் கவசத்தைக் கூடத் துளைக்காது" என்கிறார்கள். துளைக்கும்! மெல்லிய கவச உடை கைத்துப்பாக்கிக் குண்டுக்காகச் செய்தது. மான் வேட்டை ரைஃபிளின் சாதாரண ஈயக் குண்டே அதைக் கடந்துவிடும். ரைஃபிளைத் தடுக்கத் தடித்த தகடு வேண்டும். அவற்றில் உச்சமான தரத்தைச் சோதிக்கும் குண்டு எது தெரியுமா? அந்த இளைஞரின் மேசையில் கிடந்த அதே கறுப்பு முனை .30-06.

தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். தோட்டாவை வெளிச்சத்தில் பிடித்து முனையைப் பாருங்கள். கறுப்பு, பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, நீலம், வெள்ளி என எந்தச் சாயம் இருந்தாலும் சுடாமல் எங்களிடம் காட்டுங்கள். நீலமும் வெள்ளியும் தீ மூட்டும் வகையாக இருக்கலாம், காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். வேட்டைத் தோட்டாக்களின் பிளாஸ்டிக் முனை நிறத்துக்கு இந்தப் பொருள் கிடையாது. பழைய தோட்டாவில் சாயம் உதிர்ந்திருக்கும், அதனால் காந்தமும் வைத்துப் பாருங்கள். மலிவான எஃகு உறைக் குண்டும் காந்தத்தில் ஒட்டும். ஒட்டினால் எஃகுத் தகட்டில் சுடாதீர்கள், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் குறடால் பிடுங்காதீர்கள். வேண்டாத தோட்டாவைக் குப்பையில் போடாமல் ஷெரிஃப் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்குத் தனியாக இரண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. நண்பர் பரிசாகக் கொடுத்த ஒற்றைத் தோட்டாவும் இதில் சேரும். சுடுதளத்துக்கு எடுத்துவரும் பையை ஊருக்குப் போகும்போது எடுத்துச் செல்லவே செல்லாதீர்கள். மறந்துபோன ஒரு தோட்டா ஓரப் பையில் கிடந்தால், சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டப்படி வழக்காகிவிடும். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். ஜிப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.