பழைய கிராமபோனின் துணியை மீட்டெடுத்தல்

1906-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கேம்டன் நகரில் இயங்கிய விக்டர் நிறுவனம் ‘விக்ட்ரோலா’ என்ற கிராமபோனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதுவரை பெட்டிக்கு மேலே பூவாக விரிந்து நின்ற ஊதுகுழல் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. விக்டர் அதன் வாய்க்கு மரச் சட்டங்களைப் பொருத்தியது. போட்டி நிறுவனங்கள் பலவும் மரத்தில் பின்னல் வேலைப்பாடு செய்து, அதன் பின்னால் துணியை ஒட்டின. இந்த இயந்திரங்களைப் புதுப்பிப்பவர்கள் மரத்துக்கும் சுருள்வில்லுக்கும் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, துணியை மட்டும் நிறம் பார்த்துக் கடையில் வாங்கி ஒட்டிவிடுவது வழக்கம். என் பார்வையில், வேலை கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

மின்சாரமே இல்லாத கிராமபோனில், இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி பெறும் அதிர்வு மட்டுமே ஒலிக்கான ஆற்றல். வழியில் இழந்ததைக் கூட்டிக்கொள்ள அதில் எந்தக் குமிழும் கிடையாது. குழலிலிருந்து வரும் காற்றதிர்வு துணியின் கண்கள் வழியே வெளியேற வேண்டும். நெசவு நெருக்கமாக இருந்தால் காற்று இழைகளோடு உராய்ந்து ஆற்றலை இழப்பதோடு, துணியையும் சேர்த்து அசைக்க வேண்டியிருக்கிறது. அதிர்வெண் கூடக்கூடத் துணியின் நிறை அதிகமாக எதிர்க்கும் என்பதால், முதலில் மங்குவது வயலினின் மேல் ஸ்தாயியும் பாட்டின் மெய்யெழுத்து ஒலிகளும்தான். துணி முழுவதும் பசை தடவி ஒட்டினால் கண்கள் அடைபட்டு, நல்ல துணியும் அட்டையாகிவிடும். பசை சட்டத்தின் ஓரத்தோடு நிற்க வேண்டும்.

மூலத் துணி எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி அதன் மடிப்புக்குள் இருக்கிறது. வெளிச்சம், குறிப்பாக அதன் புற ஊதாப் பகுதி, சாய மூலக்கூறில் நிறத்தை உண்டாக்கும் பிணைப்புகளைச் சிதைக்கிறது. சட்டத்துக்கு அடியில் மடித்து ஆணியடித்த விளிம்புக்கு வெளிச்சம் எட்டுவதில்லை. ஆணியை மெல்ல நெம்பி அந்த மடிப்பைப் பிரித்தால், முன்பக்கம் வெறும் காவியாகத் தெரிந்த துணியின் உள்ளே பச்சையோ பொன்னிறமோ புதிதுபோல் இருப்பதைக் காணலாம். அங்கேதான் உருப்பெருக்கியை வைத்து, ஓர் அங்குலத்தில் பாவு (நீள இழை) எத்தனை, ஊடை (குறுக்கிழை) எத்தனை என்று எண்ண வேண்டும். உதிர்ந்த ஓர் இழையைக் கொளுத்தினால் மயிர் கருகும் வாடை வருவது பட்டு அல்லது கம்பளி. காகிதம் எரியும் வாடை வருவது பருத்தி அல்லது ரேயான். தொட்டவுடன் பொடியாகும் பட்டாக இருந்தால், அக்கால ஆலைகள், பட்டிழையின் இயற்கைப் பசையை நீக்கும்போது இழந்த எடையை ஈடுகட்ட ஏற்றிய வெள்ளீய உப்புகளே பெரும்பாலும் காரணம். அத்தகைய துணியைத் துவைக்க முயல்வது வீண்.

சுழல்தட்டின் மேல் விரித்த ஃபெல்ட்டின், அதாவது நெய்யாமல் அழுத்திச் செய்த கம்பளித் துணியின், கதை வேறு. எல்பி தட்டின் ஊசி இரண்டு மூன்று கிராம் எடையோடு அழுத்துகிறது; கிராமபோனில் ஊசியைத் தாங்கும் ஒலிப்பெட்டியோ நூறு கிராமுக்கு மேல் அழுத்தி, தட்டைப் பின்னுக்கு இழுக்கிறது. தட்டு வழுக்காமல் பிடித்துக்கொள்வது கம்பளியின் மயிர்தான். அதுவே அந்துப்பூச்சிப் புழுவுக்கு உணவு. பெரும்பாலான உயிர்களால் செரிக்க இயலாத கம்பளியின் கெரட்டின் புரதத்தை அந்தப் புழு செரித்துவிடும். மரவேலைக்காரர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் விலங்குப் பசையால் ஒட்டப்பட்ட பழைய ஃபெல்ட்டை, வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சற்று நேரம் போர்த்தி வைத்தாலே உரித்துவிடலாம். சுரண்டினால் நிக்கல் பூசிய விளிம்பில் கீறல் விழும். புதியது பழையதன் கனத்திலேயே இருக்க வேண்டும்; தடித்த ஃபெல்ட்டை ஒட்டினால் நடு அச்சு குட்டையாகித் தட்டு சரியாக அமராது.

மடிப்பிலிருந்து எடுத்த பழைய துணியில் ஒரு துண்டை உறையிலிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால், அடுத்து திறப்பவருக்கு நிறமும் நெசவும் கிடைக்கும். பூச்சி அரித்த ஃபெல்ட்டை மட்டும் அப்படி வைக்கக் கூடாது.