நாய்க்குட்டி வீட்டுக்குள்ளயே ஒன்னுக்கு போகுதா? தண்ணிய நிறுத்தாதீங்க

போன ஐப்பசி மழையில திருப்பாப்புலியூர்ல இருந்து ஒரு அக்கா, ரெண்டரை மாச ஷிட்சு (சின்ன ப்ரீடு நாய்) குட்டிய துண்டுல சுத்தி கிளினிக்குக்கு தூக்கிட்டு வந்தாங்க. தலைய தூக்க முடியாம துவண்டு கெடந்துச்சு. என்னம்மா ஆச்சுன்னு கேட்டா, "ராத்திரி பூரா மெத்தையில ஒன்னுக்கு போயிடுது சார், அதான் சாயந்திரத்துல இருந்து தண்ணியும் வைக்கல, சோறும் வைக்கல"ன்னாங்க. ஒரு கிலோ கூட இல்லாத உடம்பு, பட்டினி போட்டா சுகர் சட்டுனு இறங்கிடும், வலிப்பு வந்து செத்தே போன குட்டியும் உண்டு. இது ஈறுல குளுக்கோஸ் தடவி, டிரிப்ஸ் ஏத்தின பிறகுதான் கண்ண முழிச்சுது.

ரெண்டு மாச குட்டியால முழிச்சிருக்கும்போது ரெண்டு மணி நேரம் அடக்குறதே பெருசு, சின்ன ப்ரீடுக்கு அது கூட கஷ்டம். அதனால தூங்கி எழுந்ததும், சாப்ட்ட கால் மணி நேரத்துக்குள்ள, விளையாடி முடிச்சதும், தரைய மோந்துகிட்டு வட்டம் போட்டாலும் தூக்கிட்டு போய் தினமும் ஒரே எடத்துல விடுங்க. போய் முடிச்ச அந்த செகண்டே பாராட்டி ஒரு துணுக்கு தீனி குடுங்க, உள்ள வந்து டப்பாவ தொறந்து குடுத்தா எதுக்கு குடுத்தீங்கன்னே அதுக்கு புரியாது.

தெருவுக்கு கூட்டிட்டு போகலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. தடுப்பூசி 6-8 வாரத்துல ஆரம்பிச்சு 16 வாரம் வரைக்கும் போகும், அது முடியற வரைக்கும் வேணாம், குட்டிங்க உயிரையே எடுக்கற வாந்தி பேதிய குடுக்கற பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்குல கெடக்கும். மொட்டை மாடி, பால்கனி மூலையில பேப்பர் போட்டு பழக்குங்க. மழைக்காலத்துல ஈரத்துல கால் வைக்காதுங்க, சன்ஷேடுக்கு கீழ காஞ்ச எடமா பாத்து வைங்க.

அப்புறம் இந்த பினாயில். நமக்கு வாசனையா இருக்கு, அதோட மூக்குக்கு அடியில இருக்கற மூத்திர வாடை அப்படியே தெரியும், மறுபடி அங்கதான் போகும், ஈரத்தரையில நடந்து கால நக்கினா வயித்துக்கும் ஆகாது. பெட் ஷாப்ல என்சைம் கிளீனர் கெடைக்கும், ஒத்தி எடுத்துட்டு அத ஊத்தி ஊற விடுங்க.

மூக்க அதுலயே தேய்ச்சா புத்தி வரும்னு இன்னும் சொல்றாங்க பாருங்க, எனக்கு கோவமே வரும். உங்க முன்னாடி போனா அடி விழும்னு மட்டும்தான் அது கத்துக்கும், அப்புறம் பீரோ சந்துல போகும். தப்பு பண்ண மாதிரி முழிக்குதுன்னு சிரிப்பீங்க, அது பயம்ங்க.

லேப்ரடார் போனா வீடே குளம், வீட்டுல எல்லாரும் அலறுவோம். ஷிட்சு மாதிரி சின்னது போனா ஒரு ஸ்பூன், துடைச்சுட்டு நம்ம வேலைய பாக்க போயிடறோம், அதனாலயே சின்ன ப்ரீடு ஒரு வயசு ஆகியும் பழகாம நிக்குது.

சொட்டு சொட்டா அடிக்கடி போனாலோ, முக்கினாலோ, ரத்தம் தெரிஞ்சாலோ, நல்லா பழகினது திடீர்னு மறந்தாலோ அது ட்ரெய்னிங் சமாச்சாரம் இல்ல, டாக்டர்கிட்ட தூக்கிட்டு போயிடுங்க.

அந்த அக்கா அடுத்த ஊசிக்கு வந்தப்ப கேட்டேன். பால்கனி கதவுகிட்ட போய் நின்னு கத்துதாம், இவங்க சீரியல் பாத்துகிட்டு இருந்தா மட்டும்தான் லேட் ஆயிடுதாம்.