செல்லுக்குக் கொடுத்த கொழுப்பு எங்கே போகிறது?

கல்லீரல் செல்லுக்குப் பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைக் கொடுத்தால், அதை எரித்து ஆற்றலாக்குகிறதா, துளியாகச் சேமித்து வைக்கிறதா? செல்லைக் கொல்லாமல் இதைக் காண்பது கடினம். ஒளிரும் சாயத்தை ஒட்டலாம் என்றால், 16 கார்பன் அணுக்களே கொண்ட இந்த மூலக்கூறின்மேல் ஏறக்குறைய அதே பருமனுள்ள இன்னொன்றை ஏற்றிய பிறகு, செல் அதை இயல்பான உணவாகவே நடத்தும் என்று நம்ப முடியாது.

அகச்சிவப்பு ஒளிக்கு இந்தச் சுமை தேவையில்லை. வேதிப்பிணைப்புகள் சுருள்வில்போல் ஓயாது அதிர்பவை. ஒவ்வொன்றும் தன் அதிர்வுக்குப் பொருந்தும் அலைநீளத்தையே உறிஞ்சும். சேமிப்புக் கொழுப்பின் எஸ்டர் பிணைப்பு 5.7 மைக்ரோமீட்டர் அருகிலும், புரதத்தின் அமைடு பிணைப்பு 6 மைக்ரோமீட்டர் அருகிலும் உறிஞ்சுகின்றன. கொழுப்பு அமிலத்தின் ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் இருமடங்கு எடையுள்ள வடிவமான டியூட்டீரியத்தை வைத்தால், கார்பனோடு அது கொண்ட பிணைப்பு மெதுவாக அதிர்ந்து, 3.4 மைக்ரோமீட்டரில் இருந்த உறிஞ்சல் 4.7 அருகே இடம்பெயர்கிறது. செல்லின் சொந்தப் புரதமும் கொழுப்பும் அங்கே ஏறக்குறைய எதையும் உறிஞ்சுவதில்லை என்பதுதான் இதன் அருமை.

தடை அலைநீளத்திலேயே இருந்தது. அகச்சிவப்பின் அலை நீளமானது என்பதால், ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள கொழுப்புத் துளிகள் மங்கிக் கலந்துவிடும். 2016இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜி-ஷின் செங் குழுவினர் உயிருள்ள செல்களில் இதைக் கடந்து காட்டினர். அகச்சிவப்புத் துடிப்பை உறிஞ்சிய இடம் மிகச் சிறிதளவு சூடாகிறது. சூடான இடத்தின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை அது வளைக்கும் அளவு, மாறுகிறது. நீரில் அந்த மாற்றம் ஒரு பாகை செல்சியசுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே என்றாலும், அதே இடத்தில் குவித்த கட்புலன் (கண்ணுக்குத் தெரியும் ஒளி) லேசர் அதை உணர்ந்துவிடுகிறது. துடிப்பின் தாளத்தோடு ஏறியிறங்கும் பகுதியை மட்டும் கருவி பிரித்தெடுக்கிறது. கூர்மையைக் கட்புலன் ஒளியே தீர்மானிப்பதால், சுமார் 0.6 மைக்ரோமீட்டர் வரை தெளிவாகிறது.

இனி ஒரே துளியை 4.7இல் ஒருமுறையும் 5.7இல் ஒருமுறையும் படமெடுத்தால், மொத்தச் சேமிப்பில் புதிதாக வந்த கொழுப்பின் பங்கு, துளி துளியாகத் தெரியவரும். ஆனால் அந்தப் பங்கு குறையும்போது கவனம் தேவை: கொழுப்பு எரிந்தால் அதன் டியூட்டீரியம் பெரும்பாலும் நீரில் கலந்து குறியீடு மறைகிறது, கொழுப்பைச் செல் வெளியேற்றினாலும் அதேபோல்தான் மறைகிறது. இரண்டையும் பிரித்தறிய, கொழுப்பு எரியும் இடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொழுப்பு அமிலம் நுழைவதைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்து, அதே செல்களை மீண்டும் படமெடுத்துப் பார்க்க வேண்டும்.