பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டும் ஏன் வயிறு புரட்டுகிறது?

"அடுத்த மாதம் காரிலேயே மலைப்பக்கம் ஒரு சுற்று போய்வரத் திட்டம். ஓட்டப்போவது நான். என் மனைவி முதல் வளைவிலேயே கைப்பிடியை இறுக்கிக்கொள்வாள், மூன்றாவது வளைவில் குமட்டல் வந்துவிடும். எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? எப்படித் திட்டமிட்டால் அவளும் நிம்மதியாக வருவாள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டாவது கேள்விக்கான விடை முதல் கேள்விக்குள் ஒளிந்திருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உட்செவியின் அமைப்பு பள்ளிப் பாடத்தில் வந்ததுதான். மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றுக்குள் திரவம், தலை திரும்பினால் திரவம் பின்தங்கும், நுண்மயிர்ச் செல்கள் மூளைக்குத் தகவல் சொல்லும். பக்கத்திலேயே கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்த இரண்டு பைகள். வண்டி முன்னே பாய்வதும் பக்கவாட்டில் தள்ளுவதும் இந்தத் துகள்கள் சரிவதால் தெரியவருகிறது. இது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் குமட்டல் என்று பாடம் முடிந்துவிடும்.

உட்செவிக்கு இதில் பங்குண்டு என்பதற்கு அழகான சாட்சி இருக்கிறது. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் சேர்ந்து, காது கேளாதோருக்கான காலோடெட் கல்லூரியைச் சேர்ந்த காது கேளாத 11 ஆண்களைச் சோதனைகளுக்கு அழைத்தன. அவர்களில் 10 பேருக்கு மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறன் போயிருந்தது, சமநிலை உறுப்பும் பழுதாகியிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா அருகே கொந்தளிக்கும் கடலில் கப்பலேற்றிக் கூட்டிப்போனார்கள். பதினொருவரும் சாவகாசமாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள்தான் வாந்தியெடுத்துச் சுருண்டு விழ, சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று.

சரி, ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் காதும் ஒன்றுதான், கண்ணும் ஒன்றுதான், வண்டியும் ஒன்றுதான். பிறகு ஏன் ஒருவருக்கு மட்டும் புரட்டுகிறது? இதற்கு ஓர் ஈயைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

1950-ல் எரிக் ஃபான் ஹோல்ஸ்ட், ஹோர்ஸ்ட் மிட்டல்ஷ்டேட் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் எரிஸ்டாலிஸ் என்ற ஈயின் தலையை 180 பாகை திருகி அப்படியே ஒட்டிவைத்தார்கள். இடது கண் வலப்பக்கம் வந்துவிட்டது. இருட்டில் விட்டால் அந்த ஈ சாதாரணமாக நடந்தது. வெளிச்சத்தில், கோடு போட்ட உருளைக்குள் விட்டதும், போன திசையிலேயே சுற்றிச் சுற்றி வந்தது, நிற்கவே தெரியவில்லை. அவர்கள் தந்த விளக்கம் எனக்கு இன்றும் சலிக்காத ஒன்று. மூளை காலுக்கு 'இடப்பக்கம் திரும்பு' என்று கட்டளை அனுப்பும்போதே அதில் ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. திரும்பினால் காட்சி எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று அந்த நகலிலிருந்து கணக்குப் போடுகிறது. கண்ணிலிருந்து வரும் செய்தி கணக்கோடு பொருந்தினால் இரண்டும் கழிந்து பூஜ்யம். நகர்ந்தது நான்தான், உலகம் அசையவில்லை. தலை திருகிய ஈக்குச் செய்தி எதிர்த்திசையில் வருவதால், கழிய வேண்டியது கூடிவிடுகிறது. உலகமே சுழல்வதாக நினைத்து அதைச் சரிசெய்யத் திரும்புகிறது, திரும்பத் திரும்பப் பிழை பெருகுகிறது.

உங்களுக்கு நீங்களே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதே கழித்தல்தான்.

ஸ்டியரிங் பிடிப்பதற்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. நம் கழுத்தை நாமே திருப்பும்போது மூளைத்தண்டின் அடிமட்டத்திலேயே கழித்தல் நடந்துவிடும். குரங்குகளைச் சுழல்மேடையில் உட்காரவைத்து அவற்றையே ஸ்டியரிங் திருப்பச் செய்தபோது அந்த அடிமட்ட நரம்புகள், வேறு யாரோ சுழற்றியதுபோலத்தான் துடித்தன. ஆக ஓட்டுநரைக் காப்பாற்றுவது கழுத்துத் தசைக்குப் போகும் கட்டளையின் நகல் இல்லை, அனுபவத்தில் கற்ற முன்கணிப்பு. இவ்வளவு திருப்பினால் இவ்வளவு தள்ளும் என்பது, தள்ளுவதற்கு முன்பே ஓட்டுநரின் மூளைக்குத் தெரியும். பக்கத்து இருக்கைக்கு அந்தச் செய்தி தாமதமாகத்தான் போகிறது.

தாமதத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடுத்த முறை பின்னிருக்கையில் உட்கார்ந்து முன்னால் தெரியும் இரண்டு தலைகளைக் கவனியுங்கள். வலது வளைவு வரும்போது ஓட்டுநரின் தலை வலப்பக்கமே, அதாவது வளைவின் உட்பக்கம், லேசாகச் சாயும். பக்கத்துத் தலை பிடிப்பின்றி இடப்பக்கம் சரியும். ஜப்பானில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பயணியையும் வேண்டுமென்றே உட்பக்கம் சாயச் சொன்னபோது குமட்டல் குறைந்தது.

அப்படியென்றால் பயணத் திட்டத்தின் முதல் வேலை பக்கத்து இருக்கைக்கு எதிர்காலத்தை முன்கூட்டியே அனுப்புவது. 'வலம், கூர்மையானது', 'இடம், நீளமானது' என்று வளைவுக்கு முன் வாயால் சொன்னாலே போதும். வரப்போகும் அசைவை ஒலியால் அறிவித்தால் குமட்டல் குறைகிறது என்று 2020-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. பயத்துக்கும் இதுவே மருந்து. பயணியின் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதிப்பது, நீங்கள் பிரேக் பிடிப்பீர்களா என்று அதற்குத் தெரியாததால்தான். ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். கவனம் திரும்பட்டும் என்று போன் வரைபடத்தைக் கையில் கொடுத்து வழி சொல்லச் சொல்வார்கள். கண் திரையில், காது வளைவில். இதைவிடக் கெடுதல் செய்ய முடியாது.

அடுத்தது வேகம். பக்கவாட்டு முடுக்கம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவை 30 கி.மீ. வேகத்தில் எடுத்தால் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான விசை பக்கவாட்டில் தள்ளும். 20 கி.மீ.க்கு இறங்கினால் அது பாதிக்கும் கீழே போய்விடும். மிக மோசமாகப் புரட்டுவது ஏறத்தாழ 5 வினாடிக்கு ஒரு முறை போய்வரும் ஆட்டம். 30 கி.மீ. வேகத்தில் 40 மீட்டருக்குள் ஓர் இடம், ஒரு வலம் என்று நெளியும் சாலை சரியாக அந்தத் தாளத்தைத்தான் போடும்.

வரைபடத்தில் திசையையும் பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் முன்னிருக்கைப் பயணி சாலையின் ஓரத்துப் பக்கம்தான் இருப்பார், ஓட்டுநர் நடுக்கோட்டுப் பக்கம். மலையைச் சுற்றிப்போகும் வளையப் பாதையை ஒரு திசையில் ஓட்டினால் அவர் சன்னலுக்கு வெளியே பாறைச்சுவர், மறுதிசையில் ஓட்டினால் அதல பாதாளம். இடப்பக்கம் ஓட்டும் ஊர்களில் மலை இடக்கைப் பக்கம் வரும்படி சுற்றுங்கள். செலவில்லாத ஏற்பாடு.

இறக்கத்தில் பிரேக் வாடை வந்தால் பயந்தவர் இன்னும் பயப்படுவார், நியாயமாகவே. 1,500 கிலோ கார் 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 40 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். அவ்வளவும் பிரேக் தட்டில் போய்ச் சேரக் கூடாது. தாழ்ந்த கியரில் இறங்கி எஞ்சினை இழுக்கவிடுங்கள். எஞ்சின் உறுமுவது நல்லதற்குத்தான் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டுப் புறப்படும் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபின் போட்டால் பலன் குறைவு. பல மாத்திரைகள் தூக்கம் தருபவை, ஓட்டுபவர் தொடக் கூடாது.

வண்டிக்கு அடியில் தரையைத் தொடும் ரப்பர் பட்டை, இருக்கையில் விரித்த செய்தித்தாள் இதெல்லாம் நிலைமின்சாரத்தை இறக்கிக் குமட்டலைப் போக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. குமட்டலுக்கும் நிலைமின்சாரத்துக்கும் தொடர்பே இல்லை. ஆனால் நம்பி உட்கார்ந்தவருக்குப் பதற்றம் குறையும், பதற்றம் குறைந்தால் குமட்டலும் கொஞ்சம் குறையும், பட்டைக்காரருக்குப் பெயர் கிடைத்துவிடும். இந்தத் துறையில் பணம் பாய்ந்ததே மாலுமியும் விண்வெளி வீரரும் வாந்தியெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான். தானோட்டிக் கார் வந்தால் காரில் இருக்கும் எல்லாருமே பயணிகள் ஆகிவிடுவார்கள் என்றதும்தான் கார் நிறுவனங்களுக்கும் அக்கறை வந்தது. பின்னிருக்கையில் தலைதொங்கி வரும் குழந்தைகளுக்காக யாரும் ஆய்வகம் கட்டவில்லை என்பது என் நீண்டநாள் குறை.

வாசகரே, உங்கள் மனைவிக்கு ஓட்டத் தெரியுமென்றால் பாதி வழியில் சாவியைக் கொடுத்துப் பாருங்கள். நான் ஒருமுறை அப்படி இடம் மாறி உட்கார்ந்தேன். மூன்றாவது வளைவில் குனிந்து பார்த்தால் என் வலது கால் தரைவிரிப்பை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.